கல்லில் உள்ளதும் சொல்லில் உள்ளதும்: ஜி.யு.போப் கல்லறை வாசகம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

இறந்தோரை அடக்கம் செய்த இடத்தில் நாட்டப்படும் கல்லின் எழுத்து அளவில் சிறியது. ஆயினும் அதுவும் ஒரு பனுவலே. இறந்தவர் யார், அவருக்குக் கல் வைத்தவர் யார், எந்தக் காரணம் பற்றி வைத்தனர் என்னும் மூன்று செய்திகளை அது சில வரிகளுக்குள் அடக்கிக்கொள்கிறது. எனவே இலக்கியப் பனுவலுக்குரிய சொல்லாய்வையும் பொருளாய்வையும் அதன்மீதும் நிகழ்த்தலாம்.

தமிழுலகில் மிகப் பரவலாக அறியப்பட்ட கல்லறை வாசகம் ஜி.யு.போப் அவர்களுடையது. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்பது அவ்வாசகம் என மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நூல்களிலும் நீண்ட காலமாகக் கூறப்பட்டு வருகிறது. ஆனால் ஆக்சுபோர்டு நகரில் அவர் கல்லறையின்மீதுள்ள கல்லில் இத்தொடர் இல்லை. அங்குப் பொறிக்கப்பட்டிருப்பது வேறொரு வாசகம். இவ்விரு வாசகங்களையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டு, வழக்காறு எதைச் சேர்த்தது, எதை மறைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்காறு பொய் என்று காட்டுவதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. கல்லில் உள்ள வாசகத்தைத் தமிழர் ஏன் படிக்காமல் விட்டனர் என்பதே இங்கு முதன்மையான வினாவாகும்.

கல்லறைத் தோட்டமும் அங்கு அடக்கமானோரும்

போப் அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆக்சுபோர்டு நகரின் வால்டன் தெருவை ஒட்டியுள்ள புனித செபல்கர் கல்லறைத் தோட்டமாகும். 'செபல்கர்' என்னும் சொல்லே கல்லறை என்று பொருள்படுவது. ஏசுநாதரை அடக்கம் செய்த திருக்கல்லறையை நினைவூட்டும் பெயர் இது. நகரின் பங்குக் கோயில்களைச் சூழ்ந்திருந்த அடக்க நிலங்கள் நிரம்பிவிட்டமையால் 1848இல் ஆக்சுபோர்டில் மூன்று புதிய கல்லறைத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இது. வடமொழி ஆய்வாளர் மாக்சு முல்லர் அடக்கமானது அம்மூன்றனுள் மற்றொன்றாகிய ஹோலிவெல் தோட்டத்தில். செபல்கர் தோட்டம் நான்கு பங்குகளுக்கு உரியதாகப் பகுக்கப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் நகர வணிகர்களும் தொழிலாளர்களும் இங்கு அருகருகே அடக்கம் செய்யப்பட்டனர்.

இங்கு அடக்கமானோருள் இருவர் போப்பின் வரலாற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவர்கள். ஒருவர் தாமஸ் கூம். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகத்தை நெடுங்காலம் நிருவகித்த இவர் 1872இல் மறைந்தார். போப் அவரோடு பழகியவர் அல்லர். ஆயினும் கூம் வளர்த்த அவ்வச்சகமே பின்னாளில் போப்பின் நாலடியார் பதிப்பையும் (1893) திருவாசகப் பதிப்பையும் (1900) வெளியிட்டது. அச்சகமும் இதே வால்டன் தெருவில்தான் உள்ளது.

மற்றவர் பெஞ்சமின் ஜோவெட். பிளேட்டோவை ஆங்கிலத்தில் பெயர்த்த இவர் 1870 முதல் 1893இல் மறையும் வரை பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வுமுறையை வகுத்த 1854ஆம் ஆண்டுக் குழுவிலும் இடம்பெற்றவர். அப்பணிக்குத் தேர்வான இளைஞர் பலர் பேலியலில் பயின்றனர். இத்தகைய பயிற்சி மாணவர்களுக்கே போப் ஆக்சுபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருவாசகப் பதிப்பின் முன்னுரையில் போப் ஜோவெட்டை நினைவுகூர்கிறார். திருவாசகத்தை அச்சிடுமாறு ஜோவெட் தூண்டியபோது, அதனை முடிக்கும் அளவு தமக்கு ஆயுள் இருக்குமோ என்று போப் ஐயுற்றார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்றும், அதை முடிக்கும்வரை அவர் வாழ்வார் என்றும் ஜோவெட் தேற்றினார். முன்னுரைக்குப் போப் இட்ட நாள் தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 24 ஏப்ரல் 1900. தூண்டியவர் அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே மறைந்து இத்தோட்டத்தில் அடக்கமாகிவிட்டார். முடித்தவர் மேலும் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1908 பிப்ரவரியில் மறைந்து அதே நிலத்திற்கு வந்து சேர்ந்தார். திருவாசக மொழிபெயர்ப்பின் வரலாற்றை எழுதுவோர்க்கு இத்தோட்டம் ஒரு சான்றாவணம் எனலாம்.

வழக்காற்று வாசகம்

போப்பின் இறுதி விருப்பம் குறித்து வழங்கும் செய்தி பெரும்பாலும் மூன்று கூறுகளை உடையது. தம் கல்லறையில் தம்மைத் தமிழ் மாணவன் என்று பொறிக்க வேண்டும் என்பது ஒன்று. கல்லறைச் செலவில் ஒரு பகுதியேனும் தமிழ் மக்களின் நன்கொடையாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. தாம் மொழிபெயர்த்த தமிழ் நூல்களைத் தம் உடலோடு பெட்டியுள் வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. மடலில் திருவாசகப் பாடலை எழுதுகையில் அவர் கண்ணீர் தாளில் விழுந்தது என்னும் கதையும் இதனோடு இணைத்துச் சொல்லப்படுவதுண்டு. வாசகம் சொல்வார்க்குச் சொல்வார் சிறிது மாறும். 'மாணவன்' என்பது 'மாணாக்கன்' என்றும், 'உறங்குகிறான்' என்பது 'துயில்கிறான்', 'உறங்கிக்கொண்டிருக்கிறான்' என்றும் வழங்கும். இவ்வேறுபாடுகள் வாய்மொழி மரபின் இயல்பைக் காட்டுவன.

இத்தொடரின் சொல்லமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. இதில் இறந்தவரின் பெயர் இல்லை. பிறந்த நாளும் இறந்த நாளும் இல்லை. பட்டமும் பதவியும் இல்லை. 'ஒரு' என்னும் எண்ணுப்பெயரடை, பெரும்புகழ் பெற்ற ஒருவரைப் பலருள் ஒருவராக ஆக்குகிறது. 'மாணவன்' என்னும் அன் ஈற்று ஒருமை, உயர்வுப் பன்மையைத் தானே களைந்து பணிவைத் தருகிறது.

'தமிழ் மாணவன்' என்னும் தொகையோ இரு பொருளுக்கு இடந்தருவது. தமிழைக் கற்கும் மாணவன் என விரிப்பின் அது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். தமிழனாகிய மாணவன் என்னும் பொருளும் வழக்கில் அத்தொடருக்கு உண்டு. கேட்போர் முதற்பொருளைக் கொண்டாலும் இரண்டாம் பொருளின் நிழல் உடன் நிற்கிறது. அயலார் ஒருவர் தமிழைக் கற்றதனால் தமிழராகவே ஆகிவிட்டார் என்னும் உணர்வை அந்நிழலே எழுப்புகிறது. ஆங்கிலத்தில் இவ்விரு பொருளும் ஒரே தொடரில் அமையா. ஒன்றைக் கொண்டால் மற்றொன்றை விட வேண்டும். தமிழ் கேட்போருக்காகத் தமிழிலேயே உருப்பெற்ற தொடர் இது என்பதற்கு இஃது அகச்சான்றாகிறது.

'உறங்குகிறான்' என்னும் வினைமுற்றும் கருதத்தக்கது. கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், துயிலிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இறப்பைத் துயிலாகவும் உயிர்ப்பை விழிப்பாகவும் காண்பது கிறித்தவ மரபு. சாவை உறக்கத்தோடு ஒப்பிடும் குறள் நிலையாமை அதிகாரத்திலும் உண்டு. அதனை 1886இல் ஆங்கிலத்தில் தந்தவரும் போப்பே. ஆகவே இவ்வினைச்சொல் இரு மரபினர்க்கும் ஏற்புடையதாகிறது. இச்செறிவே அத்தொடரை நினைவில் நிற்கச் செய்தது எனலாம்.

கல்லில் உள்ள வாசகம்

கல்லறையில் உள்ள வாசகம் ஆங்கிலத்தில் அமைந்தது, நடையில் எளியது, உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாதது. முதலில் ஜார்ஜ் அக்லோ போப் என்னும் முழுப்பெயரும் இறையியல் முனைவர் பட்டமும் இடம்பெறுகின்றன. அதனை அடுத்து அவர் தென்னிந்தியாவுக்கு உரியவர் என்னும் அடைமொழி வருகிறது. பின்னர், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தமை சுட்டப்படுகிறது. பிறந்த நாளும் இறந்த நாளும் தொடர்கின்றன. இறுதியில் கல் வைத்தோர் குறிப்பு வருகிறது. கீழைநாட்டு இலக்கியத்திற்கும் மெய்யியலுக்கும் அவர் வாழ்நாள் முழுவதும் ஆற்றிய உழைப்பை அன்போடு வியந்து, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் இக்கல்லை வைத்தனர் என்பது அதன் கருத்து.

இச்சிறு வாசகத்தில் 'தென்னிந்தியா' இருமுறை வருகிறது. 'தமிழ்' இருமுறை வருகிறது. முதல் 'தென்னிந்தியா' இறந்தவரைச் சார்ந்தது. இரண்டாவது கல் வைத்தவரைச் சார்ந்தது. முதல் 'தமிழ்' அவர் கற்பித்த பாடம். இரண்டாவது அவர் பெற்ற நட்பு. இம்முறைவைப்பு திட்டமிட்டதாயினும் அன்றாயினும் அதன் பயன் தெளிவு. இறந்தவரும் கல் வைத்தவரும் ஒரே மண்ணின் பெயரால் இணைக்கப்படுகின்றனர்.

இவற்றுள் வியப்புக்குரியது முதல் அடைமொழியே. போப் பிறந்தது கனடாவின் பிரின்சு எட்வர்டு தீவில். வளர்ந்தது இங்கிலாந்தில். பத்தொன்பதாம் வயதில், 1839இல், தென்னிந்தியா வந்து சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் ஆகிய இடங்களில் பணியாற்றினார். 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார். இறப்பதற்கு முன் இருபத்தைந்து ஆண்டுகளை அங்கேயே கழித்தவர். அத்தகையவரை ஆக்சுபோர்டு மண்ணில், ஆங்கிலம் படிப்போர் நடுவில், 'தென்னிந்தியாவுக்கு உரியவர்' என்று கல் அறிமுகப்படுத்துகிறது. கல்லூரிப் பதவியும் பல்கலைக்கழகப் பதவியும் இதன் பின்னரே வருகின்றன. அவரைத் தமிழ்நிலத்தவராக ஆக்கிக்கொள்ள வழக்காறு 'தமிழ் மாணவன்' என்னும் தொகையின் நிழலை நாடியது. கல்லோ அதனை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. தமிழர் விரும்பிய செய்தி கல்லிலேயே இருந்தும் அதைவிட்டு இல்லாத தொடரை மேற்கோள் காட்டி வந்தனர் என்பது எண்ணத்தக்கது.

கொடுத்தவரும் பெற்றவரும்

வழக்காற்றின் இரண்டாம் கூறு கல்லோடு ஒப்பிடத்தக்கது. கல்லறைச் செலவில் தமிழர் பங்கு வேண்டும் என்று போப் விரும்பியதாக வழக்காறு கூறுகிறது. தமிழர் பங்கு உண்டு என்பதற்குக் கல்லே சான்று. எனவே வழக்காறு முழுதும் கற்பனை எனத் தள்ளத்தக்கதன்று. உண்மைச் செய்தி ஒன்றை அது தன் மையத்தில் வைத்துள்ளது. ஆனால் அச்செய்தியின் திசையை மாற்றிவிட்டது.

கல்லின்படி தமிழர் கொடுத்தவர்கள்; போப் பெற்றவர். கொடைக்குக் காரணம் அவர் உழைப்பின்பால் அவர்களுக்கிருந்த அன்பும் வியப்பும். வழக்காற்றிலோ வேண்டியவர் போப். தமிழர் அவ்வேண்டுகோளை நிறைவேற்றியவர்கள். கல்லில் தமிழர் ஒருவரை மதிப்பிட்டுப் பாராட்டுகின்றனர். வழக்காற்றில் தமிழை அயலார் ஒருவர் பாராட்டுகிறார்; தமிழர் அதைக் கேட்டு மகிழ்கின்றனர். முன்னதில் தமிழர் செய்வோர், பின்னதில் கேட்போர். தமிழருக்குப் பெருமை சேர்க்க எழுந்த வழக்காறே, தமிழர் தாமாகச் செய்த ஒரு செயலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அக்கொடையின் அருமை மற்றொரு கல்லறைச் சின்னத்தோடு ஒப்பிடுகையில் விளங்கும். 1798இல் மறைந்த சுவார்ட்சு ஐயருக்குத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, இலண்டன் சிற்பி ஜான் பிளாக்சுமனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச்சின்னம் அமைத்தார். அங்கு இலண்டனில் உருவான கல் தஞ்சைக்கு வந்தது, கொடுத்தவர் அரசர், அவர் பெயர் வரலாற்றில் நின்றது. இங்குத் தென்னிந்தியத் தமிழரின் கொடை ஆக்சுபோர்டுக்குச் சென்றது. கொடுத்தவர் பெயர் கல்லில் இல்லை. 'தமிழ் நண்பர்கள்' என்னும் பொதுப்பெயரே உள்ளது. காலனிய ஆட்சிக் காலத்தில், ஆளப்பட்ட நாட்டவர் ஆளும் நாட்டின் பல்கலைக்கழக நகரில் ஓர் அறிஞருக்குக் கல் வைத்து, தம்மை 'நண்பர்கள்' என்று பொறித்துக்கொண்டனர். மாணவர் என்றோ, ஆட்பட்டோர் என்றோ, அடியார் என்றோ கூறிக்கொள்ளவில்லை. நட்பு நிகரானோர்க்கு உரியது. கல்லில் உள்ள சொற்களுள் வரலாற்றுக் கனம் மிக்கது இச்சொல்லே.

மாணவரும் ஆசிரியரும்

இரு வாசகங்களும் சிலவற்றைச் சொல்லாது விடுகின்றன. போப் தென்னிந்தியா வந்தது சமயப் பணிக்காக. கல்லில் அப்பணி நேரே சுட்டப்படவில்லை. இறையியல் பட்டமும் கல்லூரிக் குரு என்னும் பதவியும் மட்டுமே அவர் சமயத்தாரென்பதைக் காட்டுகின்றன. அவர் உழைப்பு இலக்கியத்திற்கும் மெய்யியலுக்கும் உரியதாகவே குறிக்கப்படுகிறது. கல் வைத்தோருள் தமிழரும் இருந்தமையை நோக்க, வேறுபட்ட சமயத்தார் ஒன்றுகூடி ஏற்கத்தக்க சொற்களே தெரிந்தெடுக்கப்பட்டன எனக் கருத இடமுண்டு. எனினும் 'தமிழ் இலக்கியம்' என்னாது 'கீழைநாட்டு இலக்கியம்' என்றது அக்காலப் பல்கலைக்கழக வழக்கின் பொதுமை. குறளும் நாலடியாரும் திருவாசகமும் அப்பொதுப்பெயருள் அடங்கித் தனியடையாளம் இழக்கின்றன. இது கல்லின் குறை. 'தமிழ் மாணவன்' என்னும் வழக்காற்றுத் தொடர் இக்குறையை நிரப்புகிறது என்பதையும் ஏற்க வேண்டும்.

வழக்காறு விட்டது வேறு. அது போப்பின் ஆசிரியப் பணியை மறைக்கிறது. தமிழ்ப் பயிற்சிக் கையேடும் பள்ளி மாணவர்க்கான இலக்கண நூல்களும் செய்யுள் தொகுப்பும் அவர் இயற்றினார். பள்ளிகளை நிறுவி நடத்தினார். கண்டிப்பு மிக்க ஆசிரியராக அறியப்பட்டார். தஞ்சையில் இருந்தபோது தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு முரண்பட்டு 1853இல் கண்டன வெளியீடு எழுதியவரும் அவரே. பணிவே உருவான 'ஒரு தமிழ் மாணவன்' இச்சர்ச்சைகளில் ஈடுபட்டவராகத் தோன்றமாட்டார். அவர் இராமாநுச கவிராயரிடம் தமிழ் பயின்றவர். ஆதலின் மாணவர் என்பது உண்மையே. ஆனால் அது உண்மையின் ஒரு பகுதி. கற்றவர், கற்பித்தவர், வாதிட்டவர், பெயர்த்தவர் என்னும் நால்வகை வாழ்வை ஒற்றைச் சொல்லில் சுருக்கும்போது மனிதர் மறைந்து திருவுருவம் எஞ்சுகிறது. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் போப்புக்குச் சிலை அமைக்கப்பட்டது. அவ்வுருவுக்கேற்ற சொல்லுருவமாக இத்தொடர் நிலைபெற்றுள்ளது.

நடுகல் மரபும் நண்பர் வைத்த கல்லும்

இறந்தோர்க்குக் கல் நடுதல் தமிழர்க்குப் புதிதன்று. காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதன் ஆறு துறைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுக்கிறது. நடுகல்லில் பெயரும் பெருமையும் எழுதப்பட்டமையைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. பிற்கால நடுகற் கல்வெட்டுகளும் அரசனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் இறந்த சூழல் ஆகியவற்றைக் குறிக்கின்றன. பெயரில்லாக் கல் இம்மரபுக்கு உரியதன்று. இவ்வளவில் நோக்கின், பெயரும் நாளும் செயலும் பொறித்த ஆக்சுபோர்டுக் கல்லே தமிழ் நடுகல் மரபுக்கு அணுக்கமானது. பெயர் துறந்த வழக்காற்றுத் தொடர் அதனின்று விலகுவது.

இவ்விடத்தில் புறநானூற்றின் கோப்பெருஞ்சோழன் நிகழ்ச்சி கருதத்தக்கது. நேரிற் காணாத பிசிராந்தையார் நட்பின் பொருட்டுச் சோழனோடு வடக்கிருந்து உயிர்நீத்தார். பொத்தியார் பின்னர்ச் சென்று நடுகல்லான நண்பனிடம் தமக்கும் இடம் வேண்டினார். நேரிற் காணுதலும் உடன் வாழ்தலும் நட்புக்கு இன்றியமையாதன அல்ல என்பதும், கல்லும் நட்பின் இடமாகும் என்பதும் இந்நிகழ்ச்சியால் பெறப்படுவன. புறநானூற்றையும் புறப்பொருள் வெண்பாமாலையையும் ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தி 1899இல் அரச ஆசியக் கழக இதழில் எழுதியவர் போப். அவருக்குக் கல் வைத்த தமிழருள் மிகப் பலர் அக்கல்லை நேரிற் கண்டிருக்க வாய்ப்பில்லை. காணாத இடத்தில் காணாத கல்லுக்குக் கொடை அளித்து 'நண்பர்' என்னும் பெயரை மட்டும் அங்கு விட்டுவைத்தது, அவர் பெயர்த்துக் காட்டிய புறப்பாடல்களின் நட்புநெறிக்கு ஒத்ததே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்பது போப்பின் கல்லறையில் உள்ள வாசகம் அன்று. தமிழ்ச் சமூகம் அவர்மீது கொண்ட பற்றால் தன் நாவிலும் நெஞ்சிலும் எழுதிக்கொண்ட வாசகம். சொற்செறிவாலும் தொகைநிலைப் பொருளாலும் அது சிறந்த வாய்மொழிப் பனுவல். அந்நிலையில் அது போற்றத்தக்கது. ஆனால் அதனை வரலாற்றுச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அவ்வாறு காட்டும்போது இழப்பு போப்புக்கு நேர்வதில்லை. பெயர் தெரியாத தமிழர்க்கே நேர்கிறது. தம் பொருளைக் கொடுத்து, நண்பர்கள் என்னும் நிகர்நிலைச் சொல்லால் தம்மைப் பொறித்துக்கொண்ட அவர்களுடைய செயல், வேண்டுகோளுக்கு இணங்கிய செயலாகச் சுருங்கிவிடுகிறது.

இலக்கிய வரலாற்று நூல்களும் பாடநூல்களும் போப்பைப் பற்றிக் கூறுமிடத்துக் கல்லில் உள்ள வாசகத்தை முதலிலும் வழக்காற்றை வழக்காறு என்னும் குறிப்போடு அதன் பின்னும் தருதல் தகும். அவ்வாறு தரின், 'தென்னிந்தியாவுக்கு உரியவர்' என்று ஒருவரை ஆக்சுபோர்டில் அறிமுகப்படுத்திய கல்லையும், அதற்குக் கொடையளித்த தமிழரையும் மாணவர் ஒருங்கே அறிவர்.